தோட்டைக் கழற்றிவிட்டு ஏறிய வண்டி: கிங்ஸ் ஐலண்ட் வோர்டெக்ஸ்

வோர்டெக்ஸ் என்ற ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்கு முன்னால் காதுத் தோடு இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, கீழே நிற்கிற யாரிடமாவது கொடுத்துவிடுவேன். பன்னிரண்டு வருடமும் இதுதான் வழக்கம். தோளுக்கு மேலாக இறங்கிப் பூட்டும் தடித்த பட்டை காதை ஒட்டித்தான் நிற்கும். வண்டி திரும்புகிற இடத்திலெல்லாம் தலை ஒரு பக்கம் போய்வரும். புதிதாக ஏறும் தோழிகளிடம் நான் முதலில் சொல்வது, "தோட்டைக் கழற்று, தலையைப் பின்னால் அழுத்தி வை, பல்லைக் கடிக்காதே." அப்புறம்தான் மற்ற கதையெல்லாம்.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலம், சின்சினாட்டிக்கு வடகிழக்கே மேசன் என்று ஓர் ஊர். அங்கே கிங்ஸ் ஐலண்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதில் 1987 ஏப்ரல் 11ஆம் தேதி ஓடத் தொடங்கி, 2019 அக்டோபர் 27ஆம் தேதி நிறுத்தப்பட்ட இரும்பு ரோலர் கோஸ்டர்தான் வோர்டெக்ஸ். உயரம் 148 அடி. முதல் இறக்கம் 138 அடி. தண்டவாளத்தின் நீளம் 3,800 அடி. வேகம் மணிக்கு 55 மைல், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தில் ஆறு முறை தலைகீழாகும். உலகத்தில் ஆறு முறை தலைகீழாகச் சுற்றிய முதல் ரோலர் கோஸ்டர் இதுதான். அடுத்த வருடமே, 1988இல், சிகாகோ பக்கத்திலுள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் வந்த ஷாக்வேவ் ஏழு முறை சுற்றி அந்தப் பெருமையைப் பறித்துக்கொண்டது.

பிரித்து எடுத்துவிட்ட வண்டிக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். வோர்டெக்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே, "கழுத்தை ஆட்டும் பழைய இரும்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஏறாதவர்கள் சொன்னால் பரவாயில்லை, இரண்டு தடவை ஏறிவிட்டுச் சொல்கிறார்கள். நான் எத்தனை தடவை ஏறினேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் அந்த வண்டி எங்கே தூக்கும், எங்கே விடும், எங்கே மூச்சு வாங்க நேரம் தரும் என்பதெல்லாம் இன்றும் உடம்பில் இருக்கிறது.

2007இல் கல்யாணமாகி மேசனுக்கு வந்தேன். இங்கே கோடைகாலத்துக்கு சீசன் பாஸ் எடுத்துவிட்டால் எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம், உள்ளே எந்த வண்டிக்கும் தனிக் காசு கிடையாது. கார் ஓட்டத் தெரியாமல், பேச ஆளில்லாமல் இருந்த அந்த முதல் வருடத்தில், அவர் வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம் போய் வருவோம். நான் வோர்டெக்ஸ் முன்னால் நின்றுவிடுவேன். ஏற மூன்று மாதம் ஆனது. மதுரை சித்திரைப் பொருட்காட்சியில் ரங்கராட்டினத்துக்கு மேல் எதிலும் ஏறாதவள் நான். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைக்கூட அப்பா இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் வோர்டெக்ஸைப் பற்றிச் சொல்ல முடியாது. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் முப்பத்தைந்து வருடம் பிட்டராக இருந்தவர். 2012 கோடையில் எங்களோடு மூன்று மாதம் இருந்தார். பூங்காவுக்குள் நுழைந்ததும் எல்லாரும் பார்க்கிற ஈபிள் கோபுரத்தை (பாரிஸில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள்) ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பூங்காவின் பேர்போன நீல ஐஸ்கிரீமைப் பாதி சாப்பிட்டுவிட்டுப் பேரனிடம் கொடுத்தார். பிறகு வோர்டெக்ஸின் ஏற்றச் சங்கிலிக்குப் பக்கத்தில் போய் நின்றவர்தான், அரை மணி நேரம் நகரவில்லை.

"ஏ தாயி, அந்தச் சங்கிலி அறுந்தா என்ன ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பெட்டிகள் மேலேறும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். ரோலர் கோஸ்டர் என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற சத்தம். சங்கிலியின் சத்தம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அறுந்தாலும் ஒண்ணும் ஆகாது. அந்த டக் டக் கேக்குதுல்ல, அதுதான் காவல். ராட்செட்."

பெட்டிக்கு அடியில் கீல் வைத்த ஓர் இரும்பு நாக்கு தொங்குகிறது. தண்டவாளத்தின் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஒன்று ஏற்றம் முழுக்க ஓடுகிறது. மேலேறும்போது நாக்கு ஒவ்வொரு பல்லின் மேலும் வழுக்கி ஏறி, அடுத்த பள்ளத்தில் விழுகிறது. விழுகிற சத்தம்தான் டக். சங்கிலி போனாலும், மின்சாரம் போனாலும், பெட்டி ஒரு பல் இடைவெளிக்கு மேல் பின்னால் வர முடியாது. அப்பா இதை ஆள்காட்டி விரலை மற்ற கை விரல்களின் இடுக்குகளில் இழுத்துக் காட்டினார். மில்லில் பாரம் தூக்குகிற வின்ச்சில் இதே அமைப்புதானாம். "சத்தம் ஒரே தாளத்துல வருது பாரு. பல் தேயல. ஒழுங்கா பாக்குறானுவ."

அதுவரைக்கும் எனக்கு அந்தச் சத்தம்தான் பயமே. அன்றிலிருந்து அதைக் கேட்டால் தைரியம் வருகிறது. ஒரு வண்டியின் தரத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: தன்னைக் காப்பாற்றுகிற பாகம் எது என்பதை அது ஏறுகிறவருக்குக் காட்ட வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் இந்தச் சத்தத்தையே அடக்கிவிட்டார்கள். அது முன்னேற்றம்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு குறை இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா இன்னொன்றும் செய்து காட்டினார். தலைகீழாகப் போகும்போது ஏன் விழுவதில்லை என்று அம்மா கேட்டார். கொல்லைப்புறப் புல்தரையில் தூக்குவாளியில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்து, கையை நீட்டி, தலைக்கு மேலாக ஒரு முழுச் சுற்று சுற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. மெதுவாகச் சுற்றினார், தலையில் கொட்டியது. "வேகம் இருந்தா தண்ணி வாளியோட அடியைப் பிடிச்சுக்கும். அவ்வளவுதான்." ஊரில் சின்ன வயதில் எல்லாரும் செய்து பார்த்ததுதான். இயற்பியல் படித்த எனக்கு அது லூப்பின் (தண்டவாளம் செங்குத்தாகப் போடும் முழு வளையம்) பாடம் என்று உறைக்க அத்தனை வருடமாகியிருக்கிறது.

அந்த வாளியில் ஒளிந்திருக்கிற சிக்கலைத் தீர்த்தது வோர்டெக்ஸின் தலைமுறை வண்டிகள்தான். சரியான வட்டமாக ஒரு லூப் போட்டால், உச்சியில் விழாமல் இருப்பதற்கு மட்டும் வேகம் வைத்துக்கொண்டாலும், அடியில் நம் எடை ஆறு மடங்காகிவிடும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இதே கணக்குதான். 1895இல் நியூயார்க் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்றை வட்டமாகவே கட்டி, ஏறியவர்களின் கழுத்தையெல்லாம் பதம் பார்த்தார்கள். அடியில் வளைவு விரிந்தும் உச்சியில் இறுகியும் இருக்கும்படி, கவிழ்த்த கண்ணீர்த்துளி மாதிரி வளைத்தால்தான் உடம்பு தாங்கும். 1976இல் கலிபோர்னியா மேஜிக் மவுண்டன் பூங்காவில் ரெவல்யூஷன் அந்த வடிவத்தில் வந்து வெற்றி பெற்றது. அதற்கு முந்தைய வருடம், அதே மாநிலத்தில் நாட்ஸ் பெரி ஃபார்மில், ஏரோ நிறுவனம் கார்க்ஸ்க்ரூவை ஓட்டியிருந்தது. பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கும் கம்பி மாதிரி பக்கவாட்டில் புரளும் தண்டவாளம். இரண்டையும் ஒன்றாகக் கோத்து, மேலே இன்னொன்றையும் சேர்த்த வண்டிதான் வோர்டெக்ஸ். கட்டியதும் அதே ஏரோதான். செலவு 40 லட்சம் டாலர்.

சரி, பயணம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். சங்கிலியை விட்டதும் டக் டக் நின்றுவிடும். அந்த அமைதி இரண்டு நொடி இருக்கும். வண்டி நிதானமாக இடப்பக்கம் திரும்பும். ஈபிள் கோபுரமும் மரங்களும் தெரியும். அப்புறம் 138 அடி கீழே. முன் வரிசையில் உட்கார்ந்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வண்டி தயங்கித் தயங்கித்தான் கவிழும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் போன ஆறு பெட்டிகளின் எடையும் உங்களை இழுத்துக்கொண்டு போகும், இருக்கையை விட்டு உடம்பு எழும்பும். ஒரு வண்டிக்கு ஏழு பெட்டி, 28 பேர். நான் முதல் தடவை ஏறுபவர்களை முன்னாலும், ஐந்தாவது தடவைக்கு மேல் ஏறுபவர்களைக் கடைசியிலும் உட்காரச் சொல்வேன்.

இறக்கத்துக்குப் பிறகு ஒரு ஏற்றம், உயரத்தில் ஒரு திருப்பம், மறுபடி இறக்கம், உடனே அடுத்தடுத்து இரண்டு லூப். முதல் லூப்பில் வானம் காலடிக்கு வருவதைப் பார்ப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். இந்த இரண்டும் வெண்ணெய் மாதிரி இருக்கும். வோர்டெக்ஸ் குலுக்கல் என்று சொல்பவர்கள் இந்த லூப்புகளைக் கவனிக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

பிறகு வண்டி மேலேறி நடுவழிப் பிரேக்கில் ஒரு நொடி தயங்கும். இந்தத் தயக்கம்தான் எனக்குப் பிடித்த இடம். பாதி முடிந்தது, மீதி இருக்கிறது என்று உடம்புக்குப் புரியும் நேரம். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கலாம், ஒரு வார்த்தை பேசலாம். அதன் பிறகு இரண்டு கார்க்ஸ்க்ரூ. பிறகு பூமராங் என்கிற பகுதி. வண்டி முறுக்கிக்கொண்டே மேலேறித் தலைகீழாகி, வந்த பக்கமே பார்த்துத் திரும்பி, மறுபடி தலைகீழாகி வெளியே வரும். ஒரே இடத்தில் இரண்டு தலைகீழ். ஆக மொத்தம் ஆறு. கடைசியில் ஒரு முழு வளையம், பிரேக், அவ்வளவுதான்.

குலுக்கல் இருந்ததா என்றால், இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. அந்தக் காலத்து ஏரோ வண்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம் அது. வடிவமைத்தவர் ரான் டூமர். விண்வெளித் திட்டங்களில் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு 1965இல் ஏரோவில் சேர்ந்தவர். கோட் மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து வளைத்துத் தண்டவாள மாதிரி செய்து பார்ப்பார் என்பார்கள். அவருக்கு இந்த மாதிரி வண்டிகளில் ஏறினாலே குமட்டும், தான் செய்ததில் தானே அதிகம் ஏறியதில்லை. அந்த முறையில் தண்டவாளம் நேர்த் துண்டும் வளைவுத் துண்டுமாக ஒட்டி வரும். வண்டி புரளும்போது எதைச் சுற்றிப் புரள வேண்டும் என்பதுதான் கேள்வி. தண்டவாளத்தைச் சுற்றிப் புரண்டால், அதற்கு மூன்று நான்கு அடி மேலே இருக்கிற தலை பெரிய வட்டம் போட்டு வீசப்படும். பயணியின் நெஞ்சைச் சுற்றிப் புரண்டால் தலை அதிகம் நகராது, கால்தான் பெரிதாகச் சுற்றும். இந்த இரண்டாவது வழியில்தான் இன்றைய வண்டிகளைக் கணினியில் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். வோர்டெக்ஸ் முதல் வகை. அதனால்தான் லூப்பில் ஆடாத தலை கார்க்ஸ்க்ரூவில் நுழைகிற இடத்திலும், பூமராங்கை விட்டு வருகிற இடத்திலும் பட்டையில் போய் இடித்தது. தோட்டைக் கழற்றச் சொல்வது இந்த இரண்டு இடத்துக்காகத்தான்.

அப்பா இறங்கி வந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், "சாத்தூர் டவுன் பஸ்ஸுல கடைசி சீட்டு மாதிரித்தான் இருக்கு. ஆனா இது எப்ப குலுக்கும்னு முன்னாடியே தெரியுது." எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். வோர்டெக்ஸில் திடீர் என்று எதுவும் வராது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, கண்ணுக்கு எதிரே தெரிந்து வரும். வரிசையில் நிற்கும்போதே தலைக்கு மேல் வண்டி புரள்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஏறும் மேடைக்கும் ஒரு கதை உண்டு. அது வோர்டெக்ஸுக்காகக் கட்டியது இல்லை. 1981இல் அதே ஏரோ, அதே பூங்காவில், தி பேட் என்ற வண்டியைக் கட்டியது. பெட்டிகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு, வளைவுகளில் ஊஞ்சல் மாதிரி வீசிப் போகும். உலகத்துக்கே புதுசு. ஆனால் வளைவுகளில் தண்டவாளத்தைச் சாய்த்து வைக்கவில்லை. வீச்சின் சுமை முழுக்கப் பாகங்களில் விழுந்து தேய்மானம் தாங்கவில்லை. அடிக்கடி நின்றது. 1983 சீசனோடு முடிந்தது. அதை இடித்தபோது மேடையை மட்டும் விட்டு வைத்து, அதில்தான் வோர்டெக்ஸை ஓட்டினார்கள். மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடிக்காத வண்டியின் மேடையிலிருந்து புறப்பட்ட வோர்டெக்ஸ் 33 சீசன் ஓடியது. அதே நிறுவனம் கட்டியது என்பதுதான் எனக்கு வியப்பு. தப்பு எங்கே நடந்தது என்று பார்த்து, அதே இடத்தில் இன்னொன்றைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். பிற்பாடு அதே பூங்காவில் வேறொரு தொங்கும் வண்டிக்கு 2014இல் தி பேட் என்று பெயர் வைத்தார்கள், அது வேறு. வோர்டெக்ஸ் என்ற பெயரிலும் குழம்ப வேண்டாம். கனடாஸ் வொண்டர்லேண்ட் பூங்காவில் இருப்பது தொங்கும் வண்டி, கலிபோர்னியாவிலும் கரோவிண்ட்ஸ் என்ற பூங்காவிலும் அதே பெயரில் நின்றபடி போகும் வண்டிகள் இருந்தன. நான் சொல்வது ஓஹாயோ வோர்டெக்ஸ்.

தி பேட் வண்டியைப் பிரித்த இடத்தில் வந்த வோர்டெக்ஸையும் 32 வருடம் கழித்துப் பிரித்துவிட்டார்கள். பயன்பாட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று 2019 செப்டம்பர் 27ஆம் தேதி பூங்கா அறிவித்தது. அதற்குள் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேலானவர்களை ஏற்றி இறக்கியிருந்தது. கட்டிய ஏரோ நிறுவனம் 2001லேயே திவாலாகிவிட்டது, அதன் சொத்துகளை எஸ் அண்ட் எஸ் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. செய்தியை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "இரும்பு வளைஞ்சு வளைஞ்சு நிமிர்ந்தா ஒரு நாள் களைச்சுப் போகும் தாயி. களைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துறவன்தான் நல்ல பிட்டர்."

அதே பூங்காவில் 2014இல் வந்த பான்ஷீயிலும் ஏறியிருக்கிறேன். ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் வேலை. ஏழு முறை தலைகீழாகும், தோட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை. இயந்திரமாகப் பார்த்தால் வோர்டெக்ஸைவிடப் பல படி மேல், சந்தேகமே கிடையாது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது வழுக்கிக்கொண்டே போகிறது. இறங்கிய பிறகு எது எப்போது வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் முறையாகத் தலைகீழாகப் போகிற ஒருவரை நான் பான்ஷீயில் ஏற்ற மாட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு எழுத்து பெரிதாக, இடம் விட்டு இருக்க வேண்டும் இல்லையா, அந்த மாதிரிதான் வோர்டெக்ஸ் இருந்தது.

என் மகன் அதில்தான் படித்தான். 48 அங்குல உயரம் இருந்தால்தான் ஏற விடுவார்கள். எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு நிலையில் 48இல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் 'வோ' என்று எழுதி வைத்திருந்தான். மாதத்துக்கு ஒரு முறை செருப்பில்லாமல் முதுகை ஒட்டி நிற்பான், தலையில் நான் அளவுகோலை வைக்க வேண்டும். 2017 மே மாதம் கோடு மறைந்தது. முன் வரிசையில்தான் உட்காருவேன் என்றான். ஏற்றம் முழுக்க டக் டக்கை எண்ணிக்கொண்டே வந்தான், தாத்தா சொல்லிக் கொடுத்த வேலை. நாற்பதுக்குப் பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். நடுவழிப் பிரேக்கில் திரும்பிப் பார்த்து, "அம்மா, முடிஞ்சிருச்சா?" என்றான். "இன்னும் நாலு இருக்கு" என்றேன். அவன் முகத்தில் வந்தது பயமில்லை. இன்னும் இருக்கிறதே என்கிற சந்தோஷம்.

பராமரிப்புக்கும் பணியாளர்களுக்கும் நல்ல மதிப்பெண் தருவேன். கோடை விடுமுறையில் வேலைக்கு வரும் பிள்ளைகள்தான் பெரும்பாலும். ஆனால் ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டைவிரலை உயர்த்துவார்கள். மொழி சரியாக வராத என் அம்மாவுக்குக் கைச்சாடையில் பொறுமையாகப் புரிய வைத்து, பூட்டுக்குள் சேலை முந்தானை சிக்காமல் எடுத்துச் செருகிக் கொடுத்த பெண்ணை மறக்க மாட்டேன். அம்மா ஏறிவிட்டு, போதும்பா சாமி என்றார். அது தனிக் கதை.

வோர்டெக்ஸின் கடைசி நாள், அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் தீபாவளி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் பலகாரமும் சாப்பிட்டு, புதுத்துணிக்கு மேல் குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். நல்ல நாளில் நண்பர்கள் வீட்டுக்குப் போகாமல் பூங்காவுக்குப் போகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் தயக்கம். போகிற வழியில் இரண்டு வீட்டில் அதிரசம் கொடுத்துவிட்டுப் போனோம்.

வரிசை நீளமாக இருந்தது. வழக்கமாக வேகமாக நகர்கிற வரிசை அது, அன்று யாருக்கும் அவசரம் இல்லாத மாதிரி இருந்தது. முன்னால் நின்றவர் 1987இல் தன் அப்பாவோடு ஏறியதைத் தன் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நடுப்பெட்டி கிடைத்தது. மகன் பத்து வயசு, இப்போது எண்ணுவதில்லை. தோட்டைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தேன், தீபாவளிக்குப் போட்ட ஜிமிக்கி. நான் தலையைப் பின்னால் அழுத்தி வைத்தேன். கார்க்ஸ்க்ரூவில் வழக்கமான இடத்தில் வழக்கமான இடி. அன்றைக்கு அதுகூட வேண்டியிருந்தது.

அந்த மாதிரி வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு இடம் சொல்லலாம். வர்ஜீனியாவில் புஷ் கார்டன்ஸ் வில்லியம்ஸ்பர்க் பூங்காவில் 1978இல் ஏரோ கட்டிய லாக் நெஸ் மான்ஸ்டர் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு லூப், தண்ணீருக்கு மேலே. இன்னொன்று, நாட்ஸ் பெரி ஃபார்மில் 1975இல் ஓடிய அந்த முதல் கார்க்ஸ்க்ரூவே. அதைப் பிரித்து எடுத்துப்போய் ஐடஹோவில் சில்வர்வுட் பூங்காவில் மறுபடி நிறுத்தினார்கள். இரண்டிலும் தோட்டைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

இறங்கியதும் அப்பாவைக் கூப்பிட்டேன். கோவில்பட்டியில் இரவு பதினொன்றாகியிருந்தது, தூங்காமல் காத்திருந்தார். அந்தப் பக்கம் இன்னும் எங்கோ சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது.

"தாயி, அந்த ஏத்தத்துக்குப் பக்கத்துல போயி போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

வேலி ஓரமாகப் போய், 2012இல் அவர் நின்ற அதே இடத்தில் கையை உயர்த்திப் பிடித்தேன். ஒரு வண்டி கீழே சங்கிலியைப் பிடித்து மேலே ஏறி, உச்சியில் சத்தம் நிற்கும் வரைக்கும் பிடித்திருந்தேன். போனைக் காதில் வைத்தபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஒரு பல்லுகூடத் தப்பல" என்றார்.